தினமும் வந்த ஆப்சென்ட்

பன்னிரண்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருப்பது என்றால், பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லா வேலைகளையும் பார்ப்பது என்று அர்த்தம். பாடமும் நடத்தத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கென்று ஒரு படிவம் இல்லாததால், நடத்தினோமா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

பெயர்ப்பட்டியல், ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், மூன்று பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று சேகரித்துச் சேகரித்தே தலை நரைத்த சக வகுப்பாசிரியர்களே, உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. நான் விருத்தாசலத்தில் வேதியியல் டீச்சர். பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு என்னும் வாசலைத் தாண்டவைத்து வெளியே அனுப்புவது என் பிழைப்பு. போன வருடம் ஒருத்தி அந்த வாசலிலேயே மாட்டிக்கொண்டாள். அவள் பரீட்சை எழுதுவாளா மாட்டாளா என்று கடைசி வரை இழுத்தது. அந்த வருடத்தில் நடந்த சிலவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள், உங்கள் பள்ளியிலும் இதெல்லாம் நடந்திருக்கும்.

ஒன்பதரை மணி

முன்பெல்லாம் வருகைப்பதிவு ஒரு நோட்டில் இருந்தது. வராத பிள்ளைக்குப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்போம். பஸ் தாமதமாகிப் பத்து மணிக்கு வந்து நின்றால், இரண்டு திட்டு திட்டிவிட்டுப் புள்ளியை அழித்துவிடுவோம். இப்போது எல்லாம் போனில், ஆப்பில். காலை ஒன்பதரைக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பிய பிறகு அழிப்பதற்கு அதில் ரப்பர் இல்லை. ஒரு நிமிடம் தாண்டினால் ஹெச்.எம்.முக்கு மேலிடத்திலிருந்து போன் வரும், ஹெச்.எம். நம் வகுப்பு வாசலுக்கு வருவார். அவர் முகத்தைக் காலையிலேயே பார்க்க யாருக்குத்தான் ஆசை? ஒன்பது இருபதுக்கே அனுப்பிவிட்டு அக்கடா என்று உட்கார்ந்துவிடுவோம்.

ரேவதி என் வகுப்பில் படித்தவள். ஸ்ரீமுஷ்ணம் போகிற வழியில் ஒரு கிராமம். அவளுடைய டவுன் பஸ் ஒன்பது பத்துக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும் என்று போர்டில் எழுதியிருக்கிறது. அந்த பஸ்ஸின் டிரைவர் போர்டைப் படிப்பவராகத் தெரியவில்லை. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள், ஒன்பது நாற்பதுக்கு மூச்சு வாங்க வந்து வகுப்பு வாசலில் நிற்பாள். அதற்குள் ஆப்பில் அவளுக்குக் காலை ஆப்சென்ட் போய்ச் சேர்ந்திருக்கும். மதியத்துக்கு மட்டும் பிரசென்ட்.

ஒரு நாள் ஆபீஸில் கிளார்க் ஜாகிரிடம், வந்துவிட்ட பிள்ளைக்கு மாற்றிப் போட வழி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஹெச்.எம். கையெழுத்தோடு மனு தர வேண்டும் என்றார். தினமும் ஒரு மனுவா என்றேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜாகிர் சொன்னார்:

“ஒன்பதரைக்கு மேல வந்த புள்ள வராத புள்ளதான் டீச்சர். நீங்க நேர்லயே பாத்தாலும் நம்பாதீங்க.”

வாழ்க்கைக்கு வழி காட்டியவர்

செப்டம்பரில் வழிகாட்டுதல் நாள். பிளஸ் டூ முடித்து என்ன படிக்கலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வெளியூர் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து கோட் போட்ட ஒருவர் வந்தார். மின்விசிறி இல்லாத ஹாலில் அந்தக் கோட்டைக் கழற்றாமல் ஒன்றரை மணி நேரம் பேசியதற்காக மட்டும் அவரை மதிக்கிறேன். ‘கனவு காணுங்கள்’ என்றார். ‘உலகமே உங்கள் கையில்’ என்றார். டாக்டர் ஆகப் போகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். பாதிப் பேர் தூக்கினார்கள். இன்ஜினியர் என்றார், அதே பாதி மறுபடி தூக்கியது. ஐ.ஏ.எஸ். என்றதும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பி.டி. சாரே தூக்கப் பார்த்தார்.

ரேவதி மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். “சார், இந்த ஊருலயே செராமிக் டிப்ளமோ இருக்குதுல்ல, பிளஸ் டூ முடிச்சிட்டு அதுல நேரா ரெண்டாவது வருசம் சேரலாங்களா?” ஒன்றரை மணி நேரத்தில் அந்த ஹாலில் எழுந்த ஒரே உருப்படியான கேள்வி அது. அவளுடைய சித்தப்பா இங்கே ஒரு பீங்கான் யூனிட்டில் சூளை வேலை பார்க்கிறார். களிமண்ணில் எதைக் கலந்து சுட்டால் என்ன நிறம் வரும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். சித்தப்பா கையால் செய்வதை லேபில் இருந்து செய்ய வேண்டும், அதற்குப் படிப்பு வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

வந்தவருக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல அவர் கோட் இடம் கொடுக்கவில்லை. அவர் குடித்துக்கொண்டிருந்த டீ கப்பிலிருந்து, காலையில் லாட்ஜில் அவர் உட்கார்ந்து எழுந்த சாமான் வரைக்கும் இந்த ஊர்ச் சூளையில் வெந்ததாக இருக்கலாம். அதைப் பற்றியெல்லாம் யோசிக்காமல், ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி மைக்கிலேயே சிரித்துவிட்டுச் சொன்னார்:

“பொம்ம செய்யறதுக்கெல்லாமாம்மா காலேஜ் போய்ப் படிப்பாங்க?”

அண்ணன் நோட்டு

ரெக்கார்டு நோட்டு இல்லாமல் செய்முறைத் தேர்வு இல்லை. செய்முறைத் தேர்வு இல்லாமல் பிளஸ் டூ இல்லை. அதனால் எல்லாரும் எழுதுகிறார்கள். எழுதுகிறார்கள் என்றால், போன வருடத்துப் பிள்ளைகளின் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே இறக்குகிறார்கள். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தேர்வு நாளில் வெளியிலிருந்து வரும் பரிசோதகருக்கும் தெரியும். மூவரும் தெரியாத மாதிரி கையெழுத்துப் போடுகிறோம்.

மணிகண்டன் என்று ஒருவன். அவன் அண்ணனும் என்னிடம் படித்தவன்தான். உப்பு ஆய்வுப் பக்கத்தில் அண்ணன் தப்பாக எழுதியிருந்ததற்கு நான் சிவப்பு மையில் ‘தவறு, மீண்டும் செய்’ என்று எழுதியிருந்திருக்கிறேன். தம்பி அந்தத் தவற்றையும் எழுதி, அதன் கீழேயே ‘தவறு, மீண்டும் செய்’ என்பதையும் நீல மையில், என் கையெழுத்துச் சாயலிலேயே எழுதி, அடியில் கோடும் போட்டு எடுத்து வந்திருந்தான். அவ்வளவு சிரத்தையை அவன் பாடத்தில் காட்டியிருந்தால் நான் ஏன் இப்படி எழுதப்போகிறேன்?

நாற்பத்தெட்டு நோட்டில் ரேவதியுடையது ஒன்றுதான் லேபில் உட்கார்ந்து எழுதியது. வீழ்படிவு வராத இடத்தில் ‘வரவில்லை’ என்றே எழுதியிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் காலை முதல் இரண்டு பீரியட் லேப். அன்றன்றைக்குச் செய்ததை அன்றன்றைக்கே தேதியோடு எழுதிக் கொண்டுவந்து நீட்டுவாள். நானும் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவேன். மணிகண்டனிடம் இப்படியுமா காப்பி அடிப்பாய் என்று கேட்டேன். அவன் உண்மையிலேயே வருத்தப்பட்டுச் சொன்னான்:

“அண்ணன் அந்த நோட்டுக்கு ஃபுல் மார்க் வாங்கிச்சு மிஸ். இதுல எதை விட்டா மார்க் போவும்னு தெரியல.”

மெசேஜ்

ஜனவரியில் வருகைக் குறைவுப் பட்டியல் வந்தது. முக்கால்வாசி நாளாவது பள்ளிக்கு வந்திருந்தால்தான் பரீட்சை எழுத முடியும் என்பது விதி. பட்டியலில் மூன்று பெயர். இரண்டு பேரை எனக்கே அடையாளம் தெரியாது, அப்படி வராதவர்கள். மூன்றாவது பெயர் ரேவதி. தினம் தினம் அரை நாள் அரை நாளாக ஆப் அவளைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறது. கூட்டிப் பார்க்க வேண்டியவள் நான், நான் கூட்டவில்லை. ஆப் கூட்டும் என்று இருந்துவிட்டேன். அதுவும் கூட்டி, என் முகத்தில் வீசிவிட்டது.

ஹெச்.எம். அவள் அம்மாவை வரச் சொன்னார். நடவு வேலையைப் பாதியில் விட்டு வந்த அந்த அம்மாவைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஆப்சென்ட் என்று உங்கள் போனுக்கு மெசேஜ் வந்திருக்குமே, ஏன் ஒரு தடவைகூட வந்து கேட்கவில்லை என்று அதட்டினார். அதட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்தால் எங்கள் ஹெச்.எம்.முக்கு விதிகள் எல்லாம் நன்றாக ஞாபகம் வரும். அந்த அம்மா புடவை முந்தானையில் சுற்றி வைத்திருந்த பட்டன் போனை எடுத்துக் காட்டினார். உள்ளே வரிசையாக மெசேஜ்கள், எல்லாம் இங்கிலீஷில். படிக்கத் தெரியாத அந்த அம்மா ஒன்றைக்கூட அழிக்காமல் வைத்திருந்தார்.

ஏன் அழிக்கவில்லை என்று நான் கேட்டேன். காலையில் பஸ் ஏற்றிவிட்டு வயலில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் போன் டொய்ங் என்று சத்தம் போடுமாம். பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது என்று பள்ளிக்கூடமே சொல்லி அனுப்புகிறது என்று அந்த அம்மா நினைத்திருக்கிறார். ஹெச்.எம்.முக்கு எதிரில், எனக்குக் கை கூப்பியபடி சொன்னார்:

“மெசேஜ் வந்துட்டா எனக்கு நிம்மதி டீச்சர். வராத அன்னிக்குத்தான் புள்ளைக்கு என்னா ஆச்சோன்னு சாயந்திரம் வரைக்கும் வேலையே ஓடாது.”

மஞ்சள் காமாலை

பஸ் நேரத்துக்கு வந்த நாளெல்லாம் அந்தத் தாய் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள். ஹெச்.எம்.முக்கு அதற்குள் யோசனை வந்துவிட்டது. ஒரு வழி இருக்கிறது என்றார். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால் வருகைக் குறைவை மன்னிக்கலாம். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ மஞ்சள் காமாலை என்று எழுதி வாங்கி வாருங்கள், மேலே அனுப்பிவிடலாம் என்றார்.

விதி எப்படி வேலை செய்கிறது என்று கவனியுங்கள். ஒரு நாள்கூட லீவு போடாத பெண், தான் பள்ளிக்கு வந்ததை நிரூபிக்க, வராமல் படுக்கையில் கிடந்தேன் என்று எழுதி வாங்க வேண்டும். பொய் சொன்னால் பரீட்சை. மெய் சொன்னால் வீடு. இதை ஜாகிர் உட்பட அறிவுள்ள மனிதர்கள் மூன்று பேர் ஹெச்.எம். அறையில் உட்கார்ந்து, நல்ல யோசனைதான் என்று தலையாட்டினோம். தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. சான்றிதழ் வந்துவிட்டால் என் மேல் தப்பே வராது என்பது எனக்கு அப்போதே புரிந்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வாசலில் நின்ற ரேவதி, “நான் நல்லாத்தான மிஸ் இருந்தேன்?” என்று கேட்டாள். ஹெச்.எம். அவளை வாயை மூடச் சொன்னார். அவள் அம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை. ஹெச்.எம். எவ்வளவோ எடுத்துச் சொன்னார். காகிதத்தில்தானே நோய், உடம்பிலா என்றார். அந்த அம்மா நாற்காலியில் உட்காராமலே கடைசி வரை நின்று, கிளம்பும்போது சொன்னார்:

“இல்லாத நோவ இருக்குதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, நாளைக்கு இதப் பொண்ணு கேட்டு வர்ற வூட்டுல யாரு சார் வந்து இல்லன்னு சொல்லுவாங்க?”

கோணல் கையெழுத்து

இரண்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. பெற்றோரே ஒத்துழைக்காதபோது நாம் என்ன செய்ய முடியும் என்று ஆசிரியர் அறையில் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சொல்லி முடித்ததும் டீ நன்றாக இறங்கும். மூன்றாம் நாள் செய்முறைத் தேர்வுக்காக ரெக்கார்டு நோட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ரேவதியின் நோட்டு மேலே இருந்தது. சும்மா புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, என் கையெழுத்து. போனை எடுத்து ஆப்பில் அதே தேதிகளைப் பார்த்தேன். காலை ஆப்சென்ட். அடுத்த பக்கம், காலை ஆப்சென்ட். என் லேபில், என் கண்ணெதிரே, உப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தவளை அதே காலையில் வரவில்லை என்று நானே அனுப்பியிருக்கிறேன். வீட்டிலிருந்து அவள் கெமிஸ்ட்ரி டெஸ்ட் நோட்டையும் கொண்டு வரச் சொன்னேன். முதல் பீரியடில் நான் வைத்த டெஸ்டுகள், நான் போட்ட மார்க்குகள், அதிலும் அதே கதை. கூட்டினேன். இந்த முறை நானே கூட்டினேன். அந்தக் காலைகளைச் சேர்த்தால் அவள் முக்கால்வாசி என்ற கோட்டைத் தாண்டிவிடுகிறாள்.

அவ்வளவையும் கொண்டுபோய் ஹெச்.எம். மேஜையில் வைத்தேன். தவறான பதிவு என்னுடையது என்று விளக்கம் எழுதி, அதையும் வைத்தேன். அதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை பேனாவை மூடி வைத்தேன்; மெமோ பயம்தான், வேறு உயர்ந்த காரணம் ஒன்றும் இல்லை. மெமோவும் வந்தது. அது வேறு விஷயம். ரேவதியின் பெயர் பட்டியலிலிருந்து போனது.

ஹெச்.எம். நோட்டையும் ஆப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்குப் பாடம் நடத்தும் குரலில் சொன்னார்:

“உங்க கையெழுத்தே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது பாருங்க டீச்சர். இனிமே தேதி போடாதீங்க, கையெழுத்தையும் கொஞ்சம் கோணலா போடுங்க.”

கண்ணாடித் தாள்

ஹால் டிக்கெட் கொடுத்த அன்று, வீட்டில் காட்டிவிட்டு மறுநாள் கொண்டு வாருங்கள், ஹெச்.எம். கையெழுத்தும் முத்திரையும் போட வேண்டும் என்று வகுப்பில் இரண்டு தடவை சொன்னேன். மறுநாள் ரேவதியோடு அவள் அம்மாவும் வந்தார். ஹால் டிக்கெட்டை பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கும் கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் லேமினேஷன் செய்து, பழமலைநாதர் கோயிலில் வைத்து அர்ச்சனையும் செய்து எடுத்து வந்திருந்தார். கண்ணாடித் தாளின் மேல் குங்குமம். உள்ளே, கையெழுத்துக்கென்று விட்டிருந்த கட்டம் காலியாக, பளபளவென்று இருந்தது.

முத்திரை வழுக்கியது. பேனா எழுதவில்லை. ஹெச்.எம். தலையில் அடித்துக்கொண்டார். ஜாகிர் இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்தார். அந்த வருடத்தில் ஆபீஸிலிருந்து சுலபமாகக் கிடைத்தது அது ஒன்றுதான். இப்படிக்கூடவா செய்வீர்கள், கேட்டுவிட்டுச் செய்யக்கூடாதா என்று நான்தான் சத்தம் போட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. புதுப் பிரதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சொன்னார்:

“ஒரு தடவ எழுதக்கூடாதுன்னு சொன்ன ஸ்கூலாச்சே டீச்சர். மறுபடி யாராச்சும் அழிச்சிடப் போறாங்கன்னு பயந்துதான் போட்டேன்.”

டி.சி. நாள்

மே மாதம் ரிசல்ட் வந்தது. என் வகுப்பில் பரீட்சை எழுதிய எல்லாரும் பாஸ், மணிகண்டன் உட்பட. பத்திரிகைக்குக் கொடுக்க ஹெச்.எம். போட்டோ எடுத்துக்கொண்டார். ரேவதி கெமிஸ்ட்ரியில் வகுப்பில் முதல். டி.சி. வாங்க அவள் தனியாக வந்தாள். அதில் நடத்தை என்ற இடத்தில் எல்லாருக்கும் போல ‘நன்று’ என்று எழுதிக்கொண்டே, எங்கே சேரப் போகிறாய் என்று கேட்டேன். செராமிக் டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போட்டாச்சு மிஸ் என்றாள். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. மெமோ வாங்கிக் காப்பாற்றியவள் அல்லவா நான். ஒரு நன்றி வரும் என்று எதிர்பார்த்தேன். அதற்கு வசதியாக நானே அடி எடுத்தும் கொடுத்தேன். வருடம் முழுக்கக் காலையில் ஆப்சென்ட் போகிறது என்று உனக்குத் தெரிந்திருந்தால் முன்னாலேயே என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே, இவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாமே என்றேன்.

அவள் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. டி.சி.யை மடங்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்:

“லேட்டா வந்து நிக்கறப்பல்லாம் நீங்க போனப் பாத்துகிட்டே ‘உள்ள வந்து உக்காரு’ன்னுதான மிஸ் சொன்னீங்க. அதான் அட்டெண்டன்ஸுன்னு நெனச்சிகிட்டேன்.”

ஆக, சக வகுப்பாசிரியர்களே, அந்த வருடம் எங்கள் வகுப்பின் வருகைக் குறைவுப் பட்டியலில் மூன்றாவதாக இருந்திருக்க வேண்டிய பெயர் வகுப்பாசிரியையுடையதுதான். அவளுக்கு டாக்டர் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை, சம்பளம் முழுதாக வந்தது.